மாமன் மடியைப் பறித்துக்கொண்டவனுக்கு

எல்லாம் நான் முன்கூட்டியே சொன்னதுதான். என் தங்கை மகள் பாப்பாவுக்கு மூச்சு இழுப்பு வரும் என்றேன், வந்தது. அதற்குச் சளிதான் காரணம் என்று உனக்கு முன்னால் சொன்னவன் நான். நீ அதைப் பிறகு படித்துவிட்டு வந்து எனக்கே பாடம் எடுத்தாய். ஊர் உலகமெல்லாம் ஒருநாள் மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு திரியும் என்றேன், திரிந்தது. நீ என்னை ஒருநாள் கவிழ்த்துப்போடுவாய் என்றும் சொல்லியிருக்கிறேன். யாரிடம் சொன்னேன் என்பதுதான் ஞாபகத்தில் இல்லை.

இன்று காலை கடையில் வார்னிஷ் டப்பாக்களை ஓரமாக நகர்த்தியபோது பின்னால் அந்தப் பிளாஸ்டிக் குடுவை கிடந்தது. ஒரு முனையில் குழந்தையின் மூக்கையும் வாயையும் மூடுகிற ரப்பர் மூடி, மறுமுனையில் பஃப் மருந்தைச் செருகுகிற துளை. பாப்பாவுக்கு மருந்து எப்படிக் கொடுப்பதென்று எனக்குக் காட்டுவதற்காக நீ கொண்டுவந்தது. திருப்பி எடுத்துப்போக மறந்துவிட்டாய். இத்தனை நாளில் அதற்குள் வார்னிஷ் வாசம் ஏறிக் கிடக்கிறது. துணியால் துடைத்து மேசைமேல் வைத்தேன். அதில் உன் முகம் தெரிந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். தெரிந்தது என்றே வைத்துக்கொள். வைத்ததும் கோபம் நெஞ்சுக்கு ஏறிவிட்டது. நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது சண்டை போட இடமே கொடுக்காமல் போய்விட்டாய். அதனால் இப்போது போடுகிறேன்.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் என் வாயால் ஒருமுறை கேள்.

பெரியநாயக்கன்பாளையம் பள்ளிக்கூடத்தில் நாம் இருவரும் ஒரே பெஞ்சு. உனக்குக் கணக்கு வராது. நான் சொல்லிக்கொடுத்துத்தான் நீ தேறினாய். ஒன்பதாவதில் நீ முதல் மார்க், நான் ஃபெயில். அதெப்படி என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் ஒரே பதில்தான்: இருந்ததையெல்லாம் அவனுக்குக் கொடுத்துவிட்டேன், பரீட்சைக்கு எனக்கு மிச்சமில்லை. நீ குழந்தைகள் டாக்டர் ஆனாய். நான் மோட்டார் வைண்டிங் கடை போட்டேன். மேட்டுப்பாளையம் ரோட்டில் உன் கிளினிக்கும் என் கடையும் கூப்பிடு தூரம். மத்தியானக் கூட்டம் முடிந்ததும் நீ வந்து, கழற்றிப்போட்ட ஒரு பழைய மோட்டார் கூட்டின்மேல் அட்டையை விரித்து உட்கார்ந்துகொள்வாய். டீ வரும். அந்த ரோட்டில் டாக்டரைத் தன் கடையில் தினமும் உட்காரவைத்திருந்த ஒரே மெக்கானிக் நான்தான். கோயம்புத்தூர் வரைக்கும் அதைச் சொல்லியிருக்கிறேன்.

என் தங்கை சுமதியைக் கருமத்தம்பட்டியில் தறி ஓட்டுகிற வீட்டில் கொடுத்தோம். கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழித்துப் பிறந்தவள் தாரணி. எனக்குப் பிள்ளை இல்லை. இருந்திருந்தாலும் இவளுக்கு அடுத்த இடம்தான். பிறந்த அன்று அவளை முதலில் கையில் வாங்கியது நான். நர்ஸ் வாங்கியதற்கு அப்புறம் என்று நீ திருத்துவாய். சரி, நர்ஸுக்கு அப்புறம்.

அவளுக்கு இரண்டு வயதில் தீபாவளிக்கு என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். பட்டாசைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. குழந்தைக்கு லேசாக மூக்கு ஒழுகியது. மறுநாள் மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே போய்ப் போய் வந்தது. கழுத்துக் குழியில் ஒரு பள்ளம் விழுந்து விழுந்து எழுந்தது. அழக்கூட அவளிடம் காற்று இல்லை. தூக்கிக்கொண்டு உன் கிளினிக்குக்கு ஓடி வந்தேன்; ஸ்கூட்டர் எடுத்திருந்தால் அந்த வேகத்தில் வந்திருக்க முடியாது. நீ புகை மருந்து வைத்து, பக்கத்திலேயே நின்று, அவளுடைய உதட்டு நிறம் திரும்பும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு எங்கள் எல்லாரையும் பார்த்து, "வீட்டுல ஆருக்காச்சும் சளி இருக்குதுங்களா?" என்று கேட்டாய். நான்தான் முந்திக்கொண்டு, யாருக்கும் இல்லை, எல்லாம் தறிப் பஞ்சு என்றேன். நீ என் கையிலிருந்த கர்ச்சீப்பைப் பார்த்தாய்.

எனக்குச் சளி பிடிப்பதில்லை என்பது அந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். நான் மூக்குப்பொடி போடுகிறவன். பொடி போடுகிறவனுக்கு மூக்கு ஒழுகத்தான் செய்யும், தும்மல் வரத்தான் செய்யும். மழையில் நனைந்துகொண்டே கம்பத்தில் ஏறி மோட்டார் லைனைச் சரிசெய்தவனுக்குச் சளி என்ன செய்யும்? இதை உன்னிடமும் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஒருமுறையாவது நீ மறுத்திருக்கலாம்.

அதற்குப் பிறகு அவளுக்கு அடிக்கடி வந்தது. ஒருநாள் கடையில் உட்கார்ந்து நீ எனக்கு அதை விளக்கினாய். சளி வைரஸ் நமக்கு வந்தால் நாலு நாள் மூக்கைச் சிந்த வைத்துவிட்டுப் போய்விடும். மூச்சுக்குழாயின் உள்தோலில் இருக்கிற செல்லுக்குள் அது நுழைந்ததும், அந்தச் செல் உடனே சத்தம் போட்டு, வைரஸ் பெருகாமல் தடுக்கிற ஒரு சரக்கை வெளியே விடும். தாரணி மாதிரிக் குழந்தைகள் சிலருக்கு அந்தச் சத்தம் லேட்டாக வருகிறது, மெல்லமாகவும் வருகிறது. அதற்குள் வைரஸ் குழாய் முழுக்கப் பரவிவிடுகிறது. அப்புறம் உடம்பு பதறிப்போய், தூசிக்கும் பூச்சிக்கும் சண்டை போடப் பழகிய இன்னொரு பட்டாளத்தைக் கூட்டமாக அனுப்புகிறது. அதுகள் வந்து குழாயை வீங்க வைத்து, கோழையை நிரப்பி, சுற்றியிருக்கிற தசையை முறுக்கிப் பிடிக்கின்றன. "வைரஸ் பண்றது கொஞ்சம்தானப்பா. மிச்சத்தையெல்லாம் நம்ம உடம்பே பண்ணிப்போடுது" என்றாய்.

நான் உடனே, இது ஓவர்லோடு ரிலே கதை என்றேன். லோடு ஏறினதும் ரிலே விழுந்து கரண்டை வெட்டினால் மோட்டார் தப்பிக்கும். ரிலே தூங்கிவிட்டால் உள்ளே சுற்றின கம்பிக் காயில் சூடாகி, மேலே பூசின வார்னிஷ் உருகும். அதற்கப்புறம் விழுந்து பிரயோஜனமில்லை, மொத்த லைனும் போகும். நீ தொடையில் தட்டிச் சிரித்தாய். அடுத்த மாதம் கோயம்புத்தூரில் ஏதோ டாக்டர்கள் கூட்டத்தில் அந்த ரிலேவைச் சொல்லிக் கைதட்டல் வாங்கியதாக நீயே வந்து சொன்னாய். என் பெயரைச் சொன்னாயா என்று கேட்டேன். டீ ஆறுகிறது என்றாய். அன்றைக்கே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

தறிப் பஞ்சையும் நீ விட்டுவிடவில்லை. அது உள்தோலை எப்போதும் கொஞ்சம் கோபமாகவே வைத்திருக்கும், அதனால்தான் பாப்பா நன்றாக இருக்கிற நாளிலும் பழுப்புக் கலர் மருந்தை விடாமல் ஊத வேண்டும், நீலக் கலர் இழுப்பு வந்தால் மட்டும் என்றாய். ஆனால் ஆஸ்பத்திரிவரை கொண்டுபோவது பெரும்பாலும் யாரோ வீட்டுக்குக் கொண்டுவருகிற சளிதான் என்று சொல்லிவிட்டு, டீ கிளாஸைக் கையில் உருட்டிக்கொண்டே கேட்டாய்:

"உனக்குச் சளி புடிச்சிருந்தா நீ அந்தப் பக்கம் போவியா?"

"எனக்கெங்கடா சளி? என்ற வமிசத்துலயே அது கெடையாது."

"அப்பச் சரி" என்றாய்.

அந்த 'அப்பச் சரி'யைத்தான் நான் இத்தனை நாளாக மென்றுகொண்டிருக்கிறேன். சொல்ல வேண்டியதைச் சொல்ல உனக்கு அந்த ஒரு நிமிஷம் இருந்தது. டீ குடித்துவிட்டு எழுந்து போனாய்.

பிறகு ஊரடங்கு வந்தது. அந்த வருஷம் தாரணிக்கு ஒரு தடவைகூட இழுப்பு வரவில்லை. நான் போனிலேயே எல்லாருக்கும் சொன்னேன்: பாருங்கள், தறி நின்றது, பஞ்சு நின்றது, பிள்ளை தேறிவிட்டது. உனக்கும் போன் போட்டேன். நீ அந்தப் பக்கத்திலிருந்து, "தறியும் நின்னுச்சு. நீயும் அங்க போறதில்ல" என்றாய். நான் அதைக் கிண்டல் என்று நினைத்து நன்றாகச் சிரித்தேன். தறிகள் மறுபடி ஓட ஆரம்பித்து மாதக்கணக்கான பிறகும் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. பஸ்கள் ஓடி, நான் பழையபடி ஞாயிற்றுக்கிழமைகளில் ஜிலேபி வாங்கிக்கொண்டு கருமத்தம்பட்டிக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் அவளுக்கு மறுபடி வந்தது. இதை இப்போது எழுதும்போதுதான் நான் கணக்குப் போடுகிறேன். நீ அன்றைக்கே போட்டுவிட்டாய். கணக்கு வராத பையன்.

அந்தப் பொங்கலுக்கு வந்ததுதான் பெரிய இழுப்பு. கோயம்புத்தூரில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஆக்ஸிஜன் வைத்து, கண்ணாடிக் கதவுக்கு வெளியே எங்களை நிறுத்திவிட்டார்கள். சுமதி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே வேலை செய்கிற டாக்டர் உனக்குத் தெரிந்தவர். நீ அவரோடு பேசிவிட்டு வெளியே வந்து அவளிடம் மட்டும் ஏதோ மெல்லச் சொன்னாய். நான் பக்கத்தில் வந்ததும் நிறுத்திக்கொண்டாய். இந்த மாதிரி இன்னொன்று வந்தால் பிள்ளை தாங்குமா தெரியாது என்று சொன்னதாகச் சுமதி அப்புறம் என்னிடம் சொன்னாள். அவள் எனக்குச் சொன்னது பாதிதான் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

காதுகுத்து ஊரடங்கில் தள்ளிப்போய் ஏழாவது வயதில் வைத்தார்கள். அன்னூரைத் தாண்டி மாப்பிள்ளை வீட்டுக் குலதெய்வக் கோயில். நம் பக்கத்தில் காதுகுத்து என்றால் என்னவென்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மொட்டை அடித்து, தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் ஆசாரி ஊசியை எடுப்பார். மாமன் இல்லாத பிள்ளைக்குப் பெரியப்பன் சித்தப்பன் என்று யாரையாவது தேடுவார்கள். மாமன் உயிரோடு கல்லு மாதிரி இருக்கும்போது இன்னொருவன் மடியில் வைத்தால் அது அவனைச் செத்தவனாக்கியதற்குச் சமம். தோடு நான் எடுத்தது. பட்டுப்பாவாடை நான் எடுத்தது. சீர்த்தட்டில் ஊரே பார்த்திராத பழங்களை அடுக்கியிருந்தேன். அதில் இரண்டு வெளிநாட்டுப் பழம், பெயர் எனக்கே தெரியாது.

அன்று விடிந்ததும் நீ என் வீட்டு வாசலில் வந்து நின்றாய்.

"ஏப்பா, கிளினிக்ல சொட்டுத் தண்ணியில்ல. மோட்டார் ஓடமாட்டேங்குது. வாந்தி பேதின்னு மூணு கொழந்தைக படுத்திருக்குது. நீ சுத்துன மோட்டார், இன்னொருத்தன் கையில குடுக்க மனசு வரல."

நீ எந்த இடத்தில் சொருகினால் நான் திரும்புவேன் என்று உனக்குத் தெரிந்திருந்தது. நான் சுற்றிய மோட்டார் நிற்கிறதா? சீர்த்தட்டுகளோடு என் வீட்டுக்காரியை வேனில் அனுப்பினேன். அவள் வேனில் ஏறும்போதே முகத்தில் மாஸ்க் போட்டிருந்தாள். எதற்கு என்றேன், ரோட்டில் தூசி என்றாள். நீ, பாப்பாவுக்கு ஏதாவது ஆனால் பக்கத்தில் ஆள் வேண்டும் என்று சொல்லி, வேனுக்குப் பின்னாலேயே காரை எடுத்தாய். ஒரு மணி நேர வேலை, முடித்துவிட்டு நல்ல நேரத்துக்குள் வந்துவிடுவேன் என்று நான் கை காட்டினேன். அப்போதும் எனக்குத் தும்மல் வந்தது. பொடி.

ப்யூஸைப் பார்ப்பது மோட்டார் தெரியாதவன் செய்கிற வேலை. டெஸ்டர் வைத்துப் பார்க்கிற பழக்கமும் எனக்குக் கிடையாது. நான் சுற்றியது நின்றதென்றால் அதற்குப் பெரிய காரணம் இருக்க வேண்டும். மூடியைக் கழற்றினேன். பேரிங்கை இறக்கினேன். காயிலை ஒவ்வொன்றாக விரலால் தடவினேன். எல்லாம் நேற்றுச் சுற்றியது மாதிரி இருந்தது. பூட்டி சுவிட்சைப் போட்டேன், ஓடவில்லை. மறுபடி கழற்றினேன். தலைக்கு மேல் வெயில் வந்தபோதுதான், இதற்கும் ஒருமுறை பார்த்துவிடுவோம் என்று ப்யூஸ் கட்டையை உருவினேன். உள்ளே வயர் இல்லை. எரிந்திருந்தால் பீங்கானில் கறுப்புப் படிந்திருக்கும், உருகின செம்பு பொட்டுப் பொட்டாக ஒட்டியிருக்கும். அது கழுவி வைத்த கிண்ணம் மாதிரி வெள்ளையாக இருந்தது. அப்போதே எனக்குள் ஒரு சந்தேகம் தட்டியது. தட்டியதா, இப்போது தட்டுகிறதா என்று கேட்காதே. வயரைப் போட்டேன், தண்ணீர் பாய்ந்தது. காயிலில் யாருக்கும் புரியாத நுணுக்கமான கோளாறு என்று நர்ஸிடம் சொன்னேன். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு ஆமாங்க என்றது.

கை கழுவிக்கொண்டு கிளம்பும்போது நீயே திரும்பி வந்துவிட்டாய். கையில் இலையில் மடித்த சாப்பாடு. காதுகுத்து முடிந்துவிட்டது என்றாய். பாப்பா ஊசியைப் பார்த்துப் பயந்து உன் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவில்லையாம், நேரம் தாண்டுகிறது என்று பூசாரி அவசரப்படுத்தினாராம், உன்னையே உட்காரவைத்துவிட்டார்களாம். எனக்குப் போர்த்த வேண்டிய துண்டை மடித்து என்னிடம் நீட்டினாய்.

நான் என்ன சொன்னேன் ஞாபகம் இருக்கிறதா? அதனால என்னப்பா, நீ வேற நான் வேறயா என்றேன். அவ்வளவு பெரிய மனசு எனக்கு. துண்டை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன். சுமதி வீட்டுக் கூடத்தில் அந்தப் போட்டோ மாட்டியிருக்கிறது: மொட்டைத் தலையும் புதுத் தோடுமாகத் தாரணி, அவளுக்குக் கீழே நீ. ஒவ்வொரு தடவை போகும்போதும் அதற்கு முதுகைக் காட்டுகிற நாற்காலியில்தான் உட்கார்வேன். யாராவது கேட்டால் கதையைச் சொல்வேன். மாமன் ஏன் மடியில் இல்லை தெரியுமா? அன்றைக்கு உயிருக்குப் போராடிக்கொண்டிருந்த மூன்று குழந்தைகளுக்குத் தண்ணீர் கொண்டுவந்துகொண்டிருந்தான். நாளாக ஆகக் குழந்தைகள் எட்டு ஆனார்கள். கேட்டவர்கள் கும்பிடாத குறை. அந்தக் கதையால்தான் அந்தப் போட்டோவை என்னால் தாங்க முடிந்தது.

நீ போன பிறகு, உனக்குப் பதினாறாம் நாள் முடிந்து, கருமத்தம்பட்டியில் மாப்பிள்ளை வீட்டு ஆட்களிடம் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். உன் பெருமையும் அதில் இருக்கிறது என்பதால் கொஞ்சம் நீட்டித்தான் சொன்னேன். சுமதி என்னைச் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டாள்.

"அண்ணா, அந்தக் கதைய இனிமேலாச்சும் உட்டுப்போடுங்க."

"ஏனம்மணி?"

"மோட்டாருக்கு ஒண்ணுமே ஆகலீங்க. டாக்டரண்ணன்தான் ப்யூஸ் வயரப் புடுங்கிப்போட்டு உங்களக் கூப்புட்டாருங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னுதான் இத்தன நாளா நெனச்சுட்டிருந்தேன்."

முந்தின நாள் நான் போனில் பேசியபோது என் குரல் மூக்கடைத்துப் போயிருந்ததாம். கேட்டதும் அவள் உனக்குப் போன் போட்டாளாம். வரவேண்டாம் என்று என்னிடமே சொல்லியிருக்கலாமே என்றேன்.

"சொல்லியிருந்தா அப்பறம் எங்கூட்டு வாசப்படி மிதிச்சிருப்பீங்களா? எனக்கு நீங்களும் வேணும், பாப்பாளும் வேணுமுங்க. டாக்டரண்ணன்தான், 'பழிய நான் எடுத்துக்கறனம்மா, உங்கண்ணன் எங்கிட்டக் கோவிச்சுக்க மாட்டான்'னு சொன்னாருங்க."

காதுகுத்துக்கு முன்னால் ஆறு மாதமாக என் சளியைப் பற்றி நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். ஆஸ்பத்திரிக் கதவுக்கு வெளியே நீ அவளிடம் மெல்லச் சொன்னது அதுதான். மாப்பிள்ளைக்குத் தெரியும். நர்ஸுக்குத் தெரியும். என் வீட்டுக்காரிக்கும் தெரியும். காதுகுத்து முடிந்து மூன்று வருஷமாக ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஏன் சொல்லவில்லை என்று அவளைக் கேட்டேன். "நீங்க கேக்கவே இல்லையே" என்கிறாள். கோயிலில் கிடா வெட்டினவன்வரை எல்லாருக்கும் தெரிந்து, கையில் கிரீஸோடு நின்ற எனக்கு மட்டும் தெரியாது. வாந்தி பேதிக் குழந்தைகளும் கிடையாது. அன்றைக்குக் கிளினிக்குக்கு லீவாம். கிளினிக்குக்குள்ளிருந்து ஒரு சத்தமும் கேட்கவில்லை என்பதை நான்தான் மரியாதையாக நினைத்துக்கொண்டேன்.

சுமதி இன்னொன்றும் சொன்னாள். பாப்பாவை மடியில் வைத்தபடியே நீ சட்டைப் பையிலிருந்து அந்த ப்யூஸ் வயரை எடுத்து அவளிடம் காட்டினாயாம். எல்லாரும் சிரித்தார்களாம். நீ சிரிக்கவில்லையாம். கண் சிவந்து கிடந்ததாம்.

அன்றைக்கு நான் கோயிலுக்கு வந்திருந்தால் அவளுக்கு என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு இப்போது தெரியும். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன். காது ஆறியது, இழுப்பு வரவில்லை, பிள்ளை இன்றைக்கு ஓடுகிறாள். நீ செய்தது சரி என்று நாலு பேர் வந்து சொல்வார்கள், நானும் தலையாட்டுவேன். ஆனால் எனக்கு என்ன செய்தாய் என்று யாரும் கேட்கப்போவதில்லை. நேராகச் சொல்லியிருந்தால் நான் கத்தியிருப்பேன். உன் கிளினிக் வாசலில் நின்று உன் படிப்பைக் கேவலமாகப் பேசியிருப்பேன். மூன்று மாதம், ஆறு மாதம் உன் முகத்தில் விழித்திருக்க மாட்டேன். அப்புறம் ஒருநாள் டீ சொல்லி அனுப்பியிருப்பேன். அந்த ஆறு மாதம் என்னால் தாண்டி வர முடியும் என்று நீ நம்பவில்லை. பாப்பாவின் மூச்சைவிட என் வீம்பு எனக்குப் பெரிதாக இருக்கும் என்று நினைத்துவிட்டாய். தினமும் என் கடையில் உட்கார்ந்து, என் டீயைக் குடித்துக்கொண்டே நினைத்தாய். மடியைப் பறித்ததைவிட இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சுமதி அழ ஆரம்பித்துவிட்டாள். அவளுக்கு முன்னால் நான் ஏமாந்தவனாக நிற்க முடியுமா? எனக்கு எப்பவோ தெரியும் என்று சொன்னேன். நீ போவதற்கு முந்தின வாரம் ஒரு சாயங்காலம் கடைக்கு வந்ததைச் சொன்னேன். வழக்கமான இடத்தில் உட்காராமல் என் பக்கத்தில் வந்து நின்றாய். என் வார்னிஷ் கையைப் பிடித்துக்கொண்டாய். "ஏப்பா, ஒரு விசயத்துல உன்னிய ஏமாத்திப்போட்டேன். உங்கிட்ட நேரா சொல்லியிருக்கோணும். மன்னிச்சுக்க" என்றாய். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே எனக்குப் புரிந்தது. போடா, டீ குடி என்றேன். இதைக் கேட்டதும் சுமதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அப்படியா சொன்னாருங்க, அப்படியா சொன்னாருங்க என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். மூன்று வருஷமாக அவள் நெஞ்சில் இருந்தது அன்றைக்கு இறங்கியது. தாரணியைக் கூப்பிட்டு, போய் மாமாகிட்ட உக்காரு கண்ணு என்றாள். அவள் வளர்ந்துவிட்டாள், மடி கொள்ளவில்லை. ஆனாலும் உட்கார்ந்தாள்.

போன வாரம் எனக்கு மூக்கு ஒழுகியது. ஞாயிற்றுக்கிழமை நான் போகவில்லை. சளி என்று போனில் சுமதியிடம் சொன்னேன். எங்கள் வமிசத்திலேயே முதல்முறையாக வந்தது என்றும் சொன்னேன். மிளகு தட்டிப் போட்டுப் பால் குடிங்கண்ணா என்றாள். இதை நேரில் சொல்லி உன்னைக் குத்திக்காட்டியிருப்பேன். பார், என்னால் முடிகிறது, நீதான் கேட்கவில்லை என்று. குத்துவதற்கு ஆள் இல்லை.

எழுத உட்கார்ந்தபோது இதைச் சொல்வதாக இல்லை. ஆனால் உன்னிடம் மறைத்து என்ன செய்வது, அங்கே இருந்த இன்னொரு ஆள் நீதானே. அந்தச் சாயங்காலம் நடக்கவே இல்லை. அந்த வாரம் முழுக்க உன் கிளினிக்கில் காய்ச்சல் கூட்டம், நீ கடைப் பக்கமே வரவில்லை. என் கையைப் பிடிக்கவில்லை. மன்னிச்சுக்க என்று சொல்லவில்லை. சமையல்கட்டில் அடுப்புப் பக்கம் நின்ற நேரத்தில் அதை நான் சுற்றினேன், உன் குரலில், உன் 'ஏப்பா'வோடு. என் வாழ்க்கையில் சுற்றியதிலேயே பழுதில்லாமல் ஓடுவது அது ஒன்றுதான். உன்னிடமிருந்து எனக்கு மிச்சம் இருப்பதும் அதுதான். கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நேற்றுக்கூட மோட்டார் கொண்டுவந்த ஒருவரிடம் சொன்னேன். இந்தத் தடவை நீ அழுதாய்.